5,000 ரூபாயில் கடைக்கு ஆன்லைன் விளம்பரம்: போடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு



செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனால் நம்மில் பலருக்கு ஒரு வேலை காத்திருக்கும். "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, நம்ம கடைக்கு நெட்ல ஒரு விளம்பரம் போட்டுக் குடு" என்பார் அப்பா. இல்லையென்றால் மாமா. நீங்கள் படிப்பது சிவிலா, மெக்கானிக்கலா, இசிஇயா என்பதெல்லாம் அவர்களுக்குக் கணக்கே இல்லை. கையில் லேப்டாப் இருக்கு, அது போதும். விளம்பரத்துக்குக் கொடுக்கும் பணம் 5,000 ரூபாய்.

ஒரு சின்னக் கடையில் 5,000 ரூபாய் மிச்சம் பிடிக்க எத்தனை நாள் ஆகும் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். அந்தப் பணத்தை ஒரே வாரத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்க கூகுளிலும் ஃபேஸ்புக்கிலும் ரொம்ப சுலபமான வழிகள் இருக்கின்றன. அதே பணத்தில் பத்து இருபது புது வாடிக்கையாளர்களைக் கொண்டுவரவும் முடியும். வித்தியாசம் எங்கே இருக்கு? விளம்பரம் போடுவதற்கு முன்னால் போடும் கணக்கில்தான். அந்தக் கணக்கைத்தான் இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

உதாரணத்துக்கு ஒரு கடையை வைத்துக்கொள்வோம். திண்டுக்கல்லில் உங்க மாமா வாஷிங் மெஷின் சர்வீஸ் செய்கிறார். ஒரு பைக், ஒரு டூல்ஸ் பை, ஒரு உதவியாள். விளம்பரத்துக்கு மாதம் 5,000 ரூபாய். கீழே வரும் எண்கள் எல்லாம் புரிவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் கடைக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. தேடி வருவாங்களா, பார்த்து ஆசைப்படுவாங்களா?

எந்த ஆப்பில் போடலாம் என்று ஆரம்பிக்காதீர்கள். வாடிக்கையாளர் எப்படி வருகிறார் என்று முதலில் பாருங்கள்.

வாஷிங் மெஷின் ரிப்பேர், பிளம்பர், இன்வெர்ட்டர் பேட்டரி, பல் டாக்டர்: இதெல்லாம் தேவை வரும்போது தேடுவது. இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் பார்த்துவிட்டு யாரும் "நம்ம மெஷினும் ரிப்பேர் ஆனா நல்லா இருக்குமே" என்று நினைக்க மாட்டார்கள். மெஷின் நின்ற அன்று போனை எடுத்துத் தேடுவார்கள். இவர்களுக்கு கூகுள் தேடல் விளம்பரம் பொருந்தும்.

ஆரி வொர்க் பிளவுஸ், பிறந்தநாள் கேக், மாடித்தோட்டச் செடிகள், புதிதாக ஆரம்பித்த மெஸ்: இதெல்லாம் கண்ணில் பட்டால்தான் வாங்கத் தோன்றும். இதற்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பொருந்தும். இரண்டும் மெட்டா நிறுவனத்துடையவை, ஒரே கணக்கிலிருந்து இரண்டிலும் விளம்பரம் போடலாம்.

மூன்றாவது வகை ஒன்றும் இருக்கிறது. டீக்கடையும் மளிகைக்கடையும். ஒரு டீக்கு 4 ரூபாய் நிற்கிறது என்றால், 10 ரூபாய் கொடுத்து ஒரு கிளிக் வாங்கி என்ன செய்வது? பக்கத்துத் தெருக்காரர் தினமும் வருவதுதான் அந்தக் கடையின் பிழைப்பு. அங்கே நல்ல போர்டும், ரெகுலர் வாடிக்கையாளர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் லிஸ்டும் போதும். "விளம்பரம் வேண்டாம் மாமா" என்று சொல்வதும் ஒரு விடைதான்.

2. காசு போடுவதற்கு முன் இலவச வேலைகள்

முதல் வேலை, கூகுள் பிசினஸ் புரொஃபைல். 2021 வரை இதன் பெயர் கூகுள் மை பிசினஸ். மேப்பில் கடை தெரிவது இதனால்தான். உள்ளூர்த் தேடலில் யாரை மேலே காட்டுவது என்பதற்கு கூகுள் சொல்லும் காரணங்கள் மூன்று: தேடிய விஷயத்துக்குப் பொருத்தம், தேடுபவரிடமிருந்து தூரம், கடை எவ்வளவு பெயர் பெற்றது. காசு கொடுத்து இந்த வரிசையில் மேலே ஏற முடியாது என்றும் கூகுளே சொல்கிறது. "மேப்ல முதல் இடம் வாங்கித் தர்றோம், கேரண்டி" என்று யாராவது போன் பண்ணினால் இதை நினைவில் வையுங்கள்.

செய்ய வேண்டியவை: சரியான பிரிவு, எடுக்கப்படும் போன் நம்பர், உண்மையான நேரம், கடையின் நிஜப் படங்கள். மாமாவுக்குக் கடை இல்லை, வீட்டிலிருந்துதான் கிளம்புகிறார் என்றால், முகவரியை மறைத்துவிட்டு எந்தெந்தப் பகுதிகளுக்குப் போவார் என்று மட்டும் போடலாம். வேலை முடிந்ததும் வாடிக்கையாளரிடம் ரிவ்யூ கேளுங்கள். ஆனால் "ரிவ்யூ போட்டா 50 ரூபாய் குறைச்சுக்கிறேன்" என்பது கூகுளின் விதிப்படி தடை. கடைப் பெயரோடு "திண்டுக்கல் பெஸ்ட் வாஷிங் மெஷின் சர்வீஸ் நம்பர் 1" என்று ஒட்டவைப்பதும் அப்படித்தான். புரொஃபைலையே முடக்கிவிடுவார்கள்.

இரண்டாவது, வாட்ஸ்அப் பிசினஸ் ஆப். 2018-இல் வந்தது, இலவசம். கேட்லாக், விலை, கடை நேரம், தானாகப் போகும் பதில் எல்லாம் அதில் வைக்கலாம்.

மூன்றாவது, ஒரே ஒரு பக்க வெப்சைட். பிசினஸ் புரொஃபைலோடு கூகுள் இலவசமாகக் கொடுத்துவந்த வெப்சைட் வசதி 2024 மார்ச்சோடு நின்றுவிட்டது. அதனால் இதை நீங்களே செய்து கொடுங்கள். முதல் வருஷம் படித்த எச்டிஎம்எல் போதும். மேலேயே தொட்டால் போன் போகிற பட்டன், அதன் கீழே என்னென்ன மெஷின் பார்ப்பார், எந்தெந்த ஏரியா, வந்து பார்க்க எவ்வளவு. ஸ்லைடரும் அனிமேஷனும் வேண்டாம். சிக்னல் குறைவான இடத்திலும் சட்டென்று திறக்க வேண்டும்.

இதையெல்லாம் முடித்து இரண்டு வாரம் பாருங்கள். எத்தனை போன் வருகிறது என்று எழுதி வையுங்கள். விளம்பரத்தால் எவ்வளவு கூடியது என்று தெரிய இந்த எண் கட்டாயம் வேண்டும்.

3. ஒரு கிளிக்குக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

இதுதான் முக்கியமான பகுதி. மாமாவிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதல் கேள்வி: ஒரு வேலையில் கையில் எவ்வளவு நிற்கும்? பில் 600 ரூபாய், பெட்ரோல், சாமான், உதவியாள் செலவு 250 என்றால் நிற்பது 350.

இரண்டாவது: போன் செய்பவர்களில் எத்தனை பேர் வேலை கொடுக்கிறார்கள்? மூன்றில் ஒருவர் என்று வைப்போம்.

மூன்றாவது: விளம்பரத்தைத் தொடுபவர்களில் எத்தனை பேர் போன் செய்வார்கள்? இது மாமாவுக்குத் தெரியாது. ஐந்தில் ஒருவர் என்று அனுமானித்து ஆரம்பிப்போம். நிஜ எண் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

இப்போ பெருக்குங்க. 350-ஐ 3-ஆல் வகுத்தால், ஒரு போன் காலின் மதிப்பு சுமார் 116 ரூபாய். அதை 5-ஆல் வகுத்தால், ஒரு கிளிக்கின் மதிப்பு சுமார் 23 ரூபாய். இது எல்லை. இந்த விலைக்குக் கிளிக் வாங்கினால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, மாமாவுக்கு அலைச்சல் மட்டும் மிச்சம். அதனால் பாதியை விளம்பரத்துக்கு விடலாம் என்று முடிவு செய்தால், கிளிக்குக்குச் சுமார் 11 ரூபாய் 65 காசு.

அதோடு முடியவில்லை. விளம்பரக் கட்டணத்தின் மேல் 18% ஜிஎஸ்டி உண்டு. 5,000 ரூபாயை 1.18-ஆல் வகுத்தால் விளம்பரத்துக்கு உண்மையில் போவது 4,237 ரூபாய்தான். அதேபோல 11.65-ஐ 1.18-ஆல் வகுத்தால் சுமார் 10 ரூபாய். ஆக, மாமா கடைக்கு ஒரு கிளிக்கின் உச்ச விலை 10 ரூபாய்.

4,237 ரூபாய்க்கு 10 ரூபாய் வீதம் சுமார் 423 கிளிக். ஐந்தில் ஒன்று என்றால் 84 போன். மூன்றில் ஒன்று என்றால் 28 வேலை. 28 பெருக்கல் 350, மொத்தம் 9,800. அதில் 5,000 போனால் மிச்சம் 4,800 ரூபாய். காகிதத்தில் நன்றாக இருக்கிறது. ஆனால் திண்டுக்கல்லில் ஒரு மாதத்தில் அத்தனை பேர் வாஷிங் மெஷின் சர்வீஸைத் தேடுவார்களா? தேடினாலும், மெஷினுக்கு அடியில் படுத்து வேலை செய்யும்போது அந்த 84 போனையும் யார் எடுப்பது? எடுக்காத ஒவ்வொரு போனும் 50 ரூபாய் செலவழித்து வாங்கிய மிஸ்டு கால். போன் எடுக்க ஆள் இல்லையென்றால் பட்ஜெட்டைக் குறையுங்கள்.

கூகுள் ஆட்ஸ் கணக்கிலேயே கீவேர்ட் பிளானர் என்று ஒரு கருவி இருக்கிறது. ஊரைக் கொடுத்து, தேடும் சொல்லைக் கொடுத்தால், மாதத் தேடல் எண்ணிக்கையும் ஏல விலையும் தோராயமாகக் காட்டும். அங்கே 30 ரூபாய் காட்டுகிறது, உங்கள் உச்ச விலை 10 என்றால், அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். 5,000 ரூபாய் பத்திரமாக இருக்கும்.

4. ஏலம் எப்படி நடக்குது?

கூகுளின் விளம்பர சேவை 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரில் ஆரம்பித்தது. 2002-இலிருந்து கிளிக்குக்கு மட்டும் காசு என்ற ஏல முறை வந்தது. ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு ஏலம் நடக்கிறது. அதில் அதிக விலை சொன்னவர்தான் ஜெயிப்பார் என்பதில்லை. விலையோடு விளம்பரத்தின் தரமும் சேரும்.

எளிமையாக்கிய ஒரு மாதிரி பாருங்கள். ஒரு பெரிய கம்பெனி 20 ரூபாய் சொல்கிறது, தரம் 4. பெருக்கினால் 80. மாமா 12 ரூபாய் சொல்கிறார், தரம் 8. பெருக்கினால் 96. மாமாதான் மேலே. அவர் கொடுக்க வேண்டியது 12 ரூபாயும் இல்லை, கீழே இருப்பவரைத் தாண்டத் தேவையான அளவுதான். 80-ஐ 8-ஆல் வகுத்தால் 10 ரூபாய், அதற்குக் கொஞ்சம் மேலே. நிஜ ஏலத்தில் தேடும் இடம், நேரம், போனா கம்ப்யூட்டரா என்று இன்னும் பல சேரும். அடிப்படை இதுதான்.

தரத்தை கூகுள் 1 முதல் 10 வரை மதிப்பெண்ணாகக் காட்டும். அதில் மூன்று விஷயங்கள்: மக்கள் தொடுவார்களா, தேடிய சொல்லுக்கும் விளம்பரத்துக்கும் பொருத்தம் இருக்கா, திறக்கும் பக்கம் பயனுள்ளதா. "அனைத்து வீட்டு உபயோகப் பொருட்கள் சர்வீஸ்" என்று பொதுவாக எழுதுவதைவிட "திண்டுக்கல் வாஷிங் மெஷின் சர்வீஸ், வீட்டுக்கே வருவோம்" என்று எழுதினால் மதிப்பெண் கூட வாய்ப்பு அதிகம். சின்னக் கடைக்காரருக்கு இருக்கும் பலமே இதுதான். அவருக்குச் செய்வதும் ஒரு வேலை, ஊரும் ஒரு ஊர்.

5. ஓட்டை வாளி: மாற்ற வேண்டிய செட்டிங்ஸ்

கணக்குத் திறந்ததும் கூகுள் தானாகவே சில தேர்வுகளைப் போட்டு வைத்திருக்கும். சின்ன பட்ஜெட்டில் பணம் ஒழுகுவது இங்கேதான். திரையின் அமைப்பு அவ்வப்போது மாறும். பொருள் புரிந்தால் தேடிக் கண்டுபிடித்துவிடலாம்.

இடம்: திண்டுக்கல்லில் இருப்பவர்களோடு, திண்டுக்கல்லில் ஆர்வம் காட்டுபவர்களும் தானாகச் சேர்ந்திருப்பார்கள். ரிப்பேர் கடைக்கு ஊரில் இருப்பவர்கள் மட்டும் போதும், அதை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

டிஸ்பிளே நெட்வொர்க்: தேடல் விளம்பரத்தோடு மற்ற வெப்சைட்களிலும் ஆப்களிலும் காட்டும் தேர்வு இது. டிக்கை எடுத்துவிடுங்கள். கேம் விளையாடும் குழந்தை தெரியாமல் தொட்டாலும் நமக்குக் காசு போகும்.

சொல் பொருத்தம்: பிராட் மேட்ச் என்றால் தொடர்புள்ள எந்தத் தேடலுக்கும் விளம்பரம் வரும். ஃபிரேஸ் அல்லது எக்ஸாக்ட் மேட்சில் ஆரம்பியுங்கள்.

நெகட்டிவ் கீவேர்ட்: "வேலை வாய்ப்பு", "கோர்ஸ்", "செகண்ட் ஹேண்ட்", "எப்படி ரிப்பேர் செய்வது", "வீடியோ" என்று தேடுபவர்கள் மாமாவைக் கூப்பிட மாட்டார்கள். இந்தச் சொற்களைத் தடுத்துவிடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்தால், மக்கள் உண்மையில் என்ன தேடி உங்கள் விளம்பரத்தைத் தொட்டார்கள் என்று தெரியும். அதிலிருந்து இந்தப் பட்டியலை வளர்த்துக்கொண்டே போங்கள்.

நேரம்: போன் எடுக்கும் நேரத்தில் மட்டும் விளம்பரம் ஓடட்டும்.

தினசரி பட்ஜெட்: மாத விளம்பரத் தொகையை 30.4-ஆல் வகுத்தால் தினசரித் தொகை வரும். 4,237 ரூபாய்க்குச் சுமார் 139. ஒரே நாளில் அதன் இரண்டு மடங்குவரை கூகுள் செலவழிக்கலாம், ஆனால் மாத மொத்தம் 30.4 மடங்கைத் தாண்டாது. முதல் நாளே 278 ரூபாய் போய்விட்டது என்று மாமா பதறினால் இதைச் சொல்லிப் புரியவையுங்கள்.

6. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கம் போனால்

உங்க அக்கா ஆரி வொர்க் பிளவுஸ் தைக்கிறார் என்றால் இந்தப் பக்கம். ஒரு பிளவுஸில் 1,200 ரூபாய் நிற்கிறது, மெசேஜ் செய்யும் பத்துப் பேரில் ஒருவர் ஆர்டர் கொடுக்கிறார் என்றால், ஒரு மெசேஜின் மதிப்பு 120. பாதியை விடலாம் என்றால் 60, ஜிஎஸ்டி போக சுமார் 51 ரூபாய். கணக்கு அதேதான், எண்கள்தான் வேறு.

இங்கே கவனிக்க வேண்டியது, நோக்கம் என்ற தேர்வு. நீங்கள் கேட்டதைத்தான் மெட்டா தேடித் தரும். லைக் கேட்டால் லைக் போடுகிற பழக்கம் உள்ளவர்களிடம் காட்டும், அவர்கள் பிளவுஸ் தைக்கக் கொடுப்பவர்களாக இருக்க வேண்டியதில்லை. அதனால் வாட்ஸ்அப் மெசேஜ் வரவேண்டும் என்ற நோக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். போஸ்டுக்குக் கீழே இருக்கும் பூஸ்ட் பட்டனைச் சும்மா அமுக்கிவிடாமல், ஆட்ஸ் மேனேஜருக்குள் போனால் தேர்வுகள் இன்னும் விரிவாக இருக்கும். கடையைச் சுற்றி எத்தனை கிலோமீட்டர் என்று வட்டம் போடலாம்.

விளம்பரத்திலேயே ஆரம்ப விலையைப் போடச் சொல்லுங்கள். "விலை என்ன?" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகும் மெசேஜ்கள் குறையும். வாங்கிய படத்தைவிட, அக்கா கைப்பட ஊசி ஓட்டும் 20 வினாடி வீடியோ நல்லது.

7. பணத்தைப் பிரிக்காதீங்க

"கூகுள்ல ஆயிரம், ஃபேஸ்புக்ல ஆயிரம், யூடியூப்ல ஆயிரம் போட்டுப் பார்ப்போம், எது ஒர்க் ஆகுதோ அதை வெச்சுக்குவோம்" என்று தோன்றும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஒவ்வொன்றிலும் கிடைக்கும் தகவல் ரொம்பக் கொஞ்சம். ஒன்றில் 3 போன், இன்னொன்றில் 5 போன் என்றால் இரண்டாவதுதான் சிறந்தது என்று சொல்ல முடியாது. நாலு தடவை நாணயம் சுண்டி மூன்று தடவை தலை விழுந்தால் நாணயத்தைச் சந்தேகப்படுவோமா?

புள்ளியியலில் மூன்றின் விதி என்று ஒன்று உண்டு. ஒரு முயற்சியை பல தடவை செய்தும் ஒரு வெற்றிகூட இல்லை என்றால், 3-ஐ முயற்சிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். 95% நம்பிக்கையோடு உண்மையான வெற்றி விகிதம் அதற்குக் கீழேதான் என்று சொல்லலாம். 0.05-இன் இயல் மடக்கை கிட்டத்தட்ட மைனஸ் 3, அதிலிருந்து வருவது இது.

மாமா கடைக்குத் தேவை ஐந்தில் ஒன்று, அதாவது 20%. 3-ஐ 15-ஆல் வகுத்தால் 20%. ஆக, 15 கிளிக் ஆகியும் ஒரு போன்கூட வரவில்லை என்றால், விளம்பரத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். உண்மையிலேயே 20% இருந்தால் இப்படி ஆக வாய்ப்பு 3.5% மட்டுமே. 0.8-ஐ 15 தடவை பெருக்கிப் பாருங்கள், அந்த எண் வரும். பக்கம் திறக்கிறதா, போன் பட்டன் வேலை செய்கிறதா, தேடிய சொற்கள் சரியா என்று சோதிக்க வேண்டிய இடம் இது. செலவானது வெறும் 150 ரூபாய். முழு மாதமும் ஓடவிட்டு 5,000 ரூபாய் போன பிறகு தெரிவதைவிட இது எவ்வளவோ மேல்.

8. ஒரு நோட்டு, ஒரு கேள்வி

போன் எடுத்ததும் "எங்கே பார்த்தீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி. நோட்டில் நாலு கட்டம்: தேதி, எங்கே பார்த்தார், வேலை ஆச்சா, எவ்வளவு. மாதக் கடைசியில் நாம் அனுமானித்த 3-ம் 5-ம் போய், நிஜ எண்கள் வந்திருக்கும். அடுத்த மாதக் கணக்கு அதை வைத்துத்தான்.

ஒரு எச்சரிக்கை. கடைப் பெயரைப் போட்டுத் தேடும் பழைய வாடிக்கையாளரும் விளம்பரத்தைத் தொடுவார். அவர் எப்படியும் வந்திருப்பார். அவரை விளம்பரக் கணக்கில் சேர்த்தால், விளம்பரம் பிரமாதமாக ஓடுவது போலத் தெரியும். நோட்டில் "பழையவர்" என்று தனியாகக் குறியுங்கள்.

கடைசியாக, கணக்கு யார் பெயரில்? கூகுள், மெட்டா கணக்குகளும் பிசினஸ் புரொஃபைலும் மாமாவின் மெயில் ஐடியில்தான் இருக்க வேண்டும். ஏஜென்சி ஆளோ, நீங்களோ, உள்ளே சேர்க்கப்பட்ட பயனராக மட்டும் இருந்தால் போதும். பாஸ்வேர்டும் ஓடிபியும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். அடுத்த வருஷம் வேலை கிடைத்து நீங்கள் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விட்டாலும், சேர்த்த ரிவ்யூவும் கணக்கும் கடையோடு இருக்க வேண்டும்.

வீட்டுப்பாடம்: இந்த லீவில் உங்களுக்குத் தெரிந்த ஒரு கடைக்குப் போங்கள். ஒரு வேலையில் எவ்வளவு நிற்கும், விசாரிப்பவர்களில் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்ற இரண்டு எண்களை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிளிக்கின் உச்ச விலையை நீங்களே கணக்குப் போடுங்கள். லேப்டாப்பைத் திறப்பது அதற்குப் பிறகு.